கல் சத்தம் நின்னுட்டு

காரை விட்டு இறங்கியதும் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோட்டத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். மலையைப் பார்க்கவில்லை. தென்னைக்குப் பின்னால் சலசலத்துக்கொண்டிருந்த ஓடையைப் பார்த்தார்.

“தம்பி, இந்த ஓடை எங்க போய்ச் சேருது?” என்று தோட்டக்காரரிடம் கேட்டார்.

“நம்பியாத்துலதான் அண்ணாச்சி.”

“அப்பம் நம்ம ஆத்துக்கு வராது.”

அவர் முகம் கொஞ்சம் வாடியதைக் கவனித்தேன். களக்காட்டு மலையில் விழுகிற தண்ணீர் பச்சையாறாக இறங்கி தாமிரபரணியில் சேர்ந்துவிடும். அதே மலைத்தொடரில் கொஞ்சம் தெற்கே தள்ளி, திருக்குறுங்குடிக்கு மேலே விழுகிற தண்ணீர் நம்பியாறாகி, தாமிரபரணியைப் பார்க்காமலே தனி வழியாகப் போய் மன்னார் வளைகுடாவில் விழுந்துவிடும். எங்கள் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர் வேலை பார்த்தவர். கன்னடியன் கால்வாயில்தான் பெரும்பாலான வருஷங்கள். ஷட்டரைத் திறக்க, அடைக்க, ராத்திரி கரையைச் சுற்றி வர, எங்கேயாவது நண்டு வளையில் தண்ணீர் கசிந்தால் மண்ணை மிதித்து அடைக்க, அளவைக் குறித்து மேலே சொல்ல, இதுதான் வேலை. ரிட்டயர் ஆகிப் பதினாறு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் காலையில் பேப்பர் வந்ததும் அணை நீர்மட்டம்தான் முதலில். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு, மூன்றையும் தினசரிக் காலண்டர் தாளில் பால்பாயின்ட் பேனாவால் எழுதி வைத்த பிறகுதான் காபி. முழுக் கொள்ளளவு மட்டம் பாபநாசத்துக்கு 143 அடி, சேர்வலாறுக்கு 156, மணிமுத்தாறுக்கு 118. எங்கள் வீட்டில் வாய்ப்பாட்டுக்கு முன்னால் நான் மனப்பாடம் செய்த எண்கள் இவை. பிறகு கணக்கு டீச்சர் ஆனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கிறவர்கள் கேட்டதுதான். “பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு மலைப் பக்கம் போனா எங்க டீச்சர் தங்குறது?” என்று. எனக்குக் காலாண்டு விடுமுறை, பையனுக்கும் விடுமுறை. அவன் எட்டாம் வகுப்பு. அப்பாவுக்கு எழுபத்தி நாலு வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவர். இந்த மூன்று பேருக்கும் தோதான இடம் கிடைக்குமா என்று நானும் ரொம்ப நாள் தேடினேன். அதைச் சொல்லப் போய், வேறொன்றையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

நான் பதினைந்து வருஷமாக மலை ஏறுகிறேன். அகத்தியர் மலைக்கும் போயிருக்கிறேன். 1868 மீட்டர். இப்போது கேரளப் பக்கம் போனக்காடு வழியாகத்தான் ஏற முடியும். அங்கே பெண்களை உச்சிக்கு விடாமல் இருந்தார்கள். 2018 கடைசியில் கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் வழி திறந்தது. அடுத்த வருஷமே ஒரு பெண் ஏறினார். அதற்கு அடுத்த வருஷம் நான் போனேன். மூன்று நாள் நடந்து, கால் நகம் கறுத்து, வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்தபோது அப்பா கேட்டார், “மேல தண்ணி எப்படிக் கெடக்கு?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மேகத்தைப் பார்த்தேன், பாறையைப் பார்த்தேன், கயிற்றைப் பிடித்து ஏறினேன், போட்டோ எடுத்தேன். தாமிரபரணி பிறக்கிற மலையில் நின்றுவிட்டு வந்தவளிடம், அதன் தண்ணீரை ஆயுசு முழுக்க அளந்து விட்ட மனிதர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “நல்லா இருந்துச்சுப்பா” என்றேன். அவரும் “சரி தாயி” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்த “சரி” எனக்குள் பல வருஷம் கிடந்தது.

அப்பா மலை ஏறியதே இல்லை. அவருக்கு மலை என்றால் காலையில் கால்வாயில் வந்து நிற்கிற அளவு, அவ்வளவுதான். அதனால் இந்த முறை ஏறுவதற்காக இல்லாமல், மலைக்குக் கீழேயே கிடந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

நாங்குநேரி, ஏர்வாடி வழியாகத் திருக்குறுங்குடி. ஊருக்கு மேற்கே, காட்டு எல்லைக்கு வெளியே, பட்டா நிலத்தில் இருக்கிற தோட்டம் அது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் நாம் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது, அடிக்கவும் கூடாது. 1962-இல் முண்டந்துறை, 1976-இல் சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்குக்காகக் களக்காடு என்று தனித்தனிச் சரணாலயங்களாக இருந்ததை 1988-இல் ஒன்றாக்கிப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். இன்றைக்கு அதன் மையப் பகுதி மட்டும் 895 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் முதல் புலிகள் காப்பகம் இதுதான். காடு அதன் பாட்டுக்கு இருக்கட்டும். நமக்கு அடிவாரத்துத் தோட்டம் போதும்.

தோட்டக்காரரை நான் அண்ணாச்சி என்பேன், அவர் என் அப்பாவை அண்ணாச்சி என்பார். அண்ணாச்சிக்கு மூன்றரை ஏக்கர். பாதி ஏத்தன் வாழை, பாதி நெல், வரப்போரம் தென்னை. ஓணத்துக்குக் குலை வெட்டிக் கேரளாவுக்கு லாரி ஏற்றியாகிவிட்டது. வெட்டிய தாய் வாழைகளின் அடியில் பக்கக்கன்றுகள் முட்டிக்கொண்டு நின்றன. ஆடிக் காற்றுக்கு ஊன்றிய முட்டுக்கம்புகளைக் கழற்றி ஒரு மூலையில் அடுக்கியிருந்தார்கள். பிசான நெல் பருவத்துக்கு நாற்றங்கால் தயாராகிக்கொண்டிருந்தது. வாழையில் வருமானம் நிச்சயம் இல்லாமல் போன இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவருடைய மகள்தான் யோசனை சொன்னாளாம், தோட்டத்தில் நாலு கூடாரம் போட இடம் விடலாம் என்று. நாலுக்கு மேல் எடுப்பதில்லை. செங்கல் வைத்துக் கட்டிய இரண்டு கக்கூஸ், கிணற்றடியில் குளியல், மோட்டார் ரூமை ஒட்டி ஓடு வேய்ந்த ஒரு திண்ணை. ராத்திரிக்கு ஆளுக்கு 600 ரூபாய், மூன்று வேளைச் சாப்பாட்டோடு. ஸ்பீக்கர் பாக்ஸ் கொண்டு வரக் கூடாது, குடி கூடாது, ராத்திரி ஒன்பதுக்கு மேல் தோட்டத்து வேலியைத் தாண்டக் கூடாது. போன வருஷம் வேறொரு மலைப் பக்கம் தங்கப் போய், விடிய விடியப் பாட்டுச் சத்தத்தில் பையன் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தான். அதனால் இந்த மூன்று விதியையும் போனில் கேட்டதுமே பணம் அனுப்பிவிட்டேன்.

கூடாரம் அடிக்கிற இடத்துக்கு வருகிறேன். பையன் ஓடிப் போய் ஒரு இடம் பார்த்து வைத்திருந்தான். ஓடை வளைகிற இடத்தில், உள்வளைவில், ஜமுக்காளம் விரித்த மாதிரி சமமாக, வெள்ளை மணல். பக்கத்தில் நாவல் மர நிழல். தண்ணீர் பத்தடியில். எனக்கும் அதைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. முளைக்குச்சி அடிக்கக் கல் தேடிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி வந்தார்.

“அங்கன வேண்டாம் தங்கச்சி.”

“ஏன் அண்ணாச்சி? மேடாத்தானே இருக்கு?”

“அந்த மணல் அங்கன எப்படி வந்துச்சுன்னு நெனைச்சிய?”

அவ்வளவுதான் கேட்டார். நான் மணலைப் பார்த்தேன். யாரும் கொண்டு வந்து கொட்டிய மணல் இல்லை. சமமாகப் பரப்பியதும் ஆள் இல்லை. நாவல் மரத்தின் அடியில், என் இடுப்பு உயரத்தில், காய்ந்த சருகும் குச்சியும் வேரில் சிக்கிக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதுவரை அது என் கண்ணில் படவே இல்லை. அப்பா தூரத்தில் நின்று தலையை ஆட்டினார். அவர் காரை விட்டு இறங்கியபோதே அதைப் பார்த்திருப்பார்.

அடுத்து தென்னைக்கு அடியில் இழுத்தோம். அண்ணாச்சி மேலே கையைக் காட்டினார். தேங்காய் விழாவிட்டாலும் காய்ந்த மட்டை விழும், விழுந்தால் கூடாரத்துக் கம்பி மண்டையில் குத்தும். மாமரத்தடியில் முசுறு எறும்பு. கிளையில் இலைகளைச் சேர்த்து ஒட்டிக் கூடு கட்டியிருந்தது. கடைசியில் களத்துமேட்டில், வைக்கப்படப்பை ஒட்டி, இடம் முடிவானது. தரை இறுகிக் கிடந்ததால் முளைக்குச்சி இறங்கவில்லை. இரண்டு கயிற்றை மாடு கட்டுகிற கட்டுத்தறியிலும், இரண்டைக் கல்தூணிலும் அண்ணாச்சி கட்டினார். வாழைக்கு முட்டுக் கொடுத்துக் கட்டுகிற அதே கட்டு. ஒரு முனையை இழுத்தால் இறுகும், மறுமுனையை உருவினால் ஒரே இழுப்பில் அவிழும். பையனுக்கு அதை ஆறு தடவை செய்து காட்டினார். ஏழாவது தடவை அவன் கட்டினான். கீழே ஒரு முழம் வைக்கோல் பரப்பி, அதன் மேல் கூடாரம், உள்ளே எங்கள் வீட்டுப் பத்தமடைப் பாய். காசு கொடுத்து வாங்கிய ரப்பர் விரிப்பைச் சுருட்டினபடியே வைத்துவிட்டேன்.

அப்பாவுக்கு மட்டும் திண்ணையில் கயிற்றுக் கட்டில். குனிந்து கூடாரத்துக்குள் போக அவர் முழங்கால் இடம் கொடுக்காது. வயசானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ராத்திரிக்கு உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் அவியலும். அண்ணாச்சி வீட்டு அக்கா விறகடுப்பில்தான் வைத்தார். கறுப்பு உளுந்தைத் தோலோடு வறுத்து, பூண்டும் தேங்காயும் வெந்தயமும் போட்டு அரிசியோடு சேர்த்து வேக வைப்பது. எங்கள் வீட்டில் குக்கரில் வைக்கிறேன், இப்படி வருவதில்லை. உளுந்து உடையாமலும் வேண்டும், கடிக்கும்போது மாவாகவும் வேண்டும். பானையில் தண்ணீர் சுண்டுகிற நேரம் அக்கா விறகை வெளியே இழுத்துவிட்டுக் கங்குகளை மட்டும் பானைக்குக் கீழே ஒதுக்கி, மூடி மேலேயும் நாலு கங்கு வைத்தார். “இனும அதுபாட்டுக்கு வேகட்டும்” என்று எழுந்துவிட்டார். அப்பா மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். அம்மா போன பிறகு அவர் மூன்றாம் முறை கேட்டு நான் பார்த்ததில்லை.

சாப்பிட்டு முடித்துப் பையனுக்கு நம்பாடுவான் கதையை அப்பாதான் சொன்னார். இந்த அடிவாரத்துக் கதைதான். மகேந்திரகிரி அடிவாரத்து ஊரிலிருந்து குறுங்குடிப் பெருமாளான நம்பியைப் பாட ராத்திரியில் நடந்து வருகிற பாணன். கார்த்திகை ஏகாதசி. வழியில் பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறான். பசி, தின்னப் போகிறேன் என்கிறான். “நம்பியைப் பாடிட்டுத் திரும்பி வாரேன், பெறவு தின்னு” என்று சத்தியம் செய்து கொடுத்துவிட்டுப் போகிறான். கோயிலுக்குள்ளே விடாத அந்தக் காலத்தில், அவன் வெளியே நின்று பார்க்கக் கொடிமரமே விலகி நின்றது. பாடி முடித்துத் திரும்பும்போது ஒரு பெரியவர் வழிமறித்து, வேற வழியாப் போயிரு என்கிறார். மாட்டேன், சொன்ன சொல் இருக்கு என்று ராட்சசனிடமே திரும்பிப் போகிறான். அப்புறம் அவன் பாடிய கைசிகப் பண்ணின் பலனைக் கொடுத்து ராட்சசனுக்கும் விமோசனம். இன்றைக்கும் கைசிக ஏகாதசி ராத்திரி திருக்குறுங்குடிக் கோயிலில் இதை நாடகமாக நடத்துகிறார்கள்.

“தாத்தா, அவன் வேற வழில போயிருக்கலாம்லா?”

“போயிருக்கலாம். ஆனா சொன்ன நேரத்துக்குத் தண்ணி வராட்டா கடைமடைக்காரன் என்ன செய்வான்?” என்றார் அப்பா. பையன் என்னைப் பார்த்தான். எனக்கு விளங்கியது. அவர் நம்பாடுவானையும் ஒரு லஸ்கராகத்தான் வைத்திருக்கிறார்.

மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. நானும் பையனும் மலைமேல் நம்பிக்கு நடந்தோம். ஊருக்குள் இருக்கிற பெரிய கோயிலில் நின்ற நம்பி, இருந்த நம்பி, கிடந்த நம்பி. திருப்பாற்கடல் நம்பியும் மலைமேல் இருக்கிற திருமலை நம்பியும் சேர்த்து ஐந்து நம்பிகள். காலையில் வனத்துறை செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஜீப்பும் போகிறது. நாங்கள் நடந்தோம். கூட்டம் அதிகம்தான். ஆனாலும் கூட்டத்துக்குப் பத்தடி முன்னாலோ பின்னாலோ தள்ளி நடந்தால் காடு தன் குரலில் பேசும். மரத்தில் மலையணில் ஒன்று வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு காயைக் கடித்துத் தோலை எங்கள் மேலேயே போட்டது. கருமந்திக் கூட்டம் ஒன்று உச்சாணிக் கிளையில் உட்கார்ந்து “ஹூம் ஹூம்” என்றது. சாமி கும்பிட்டு, ஆற்றில் இறங்கி, முட்டளவுத் தண்ணீரில் பையன் அரை மணி நேரம் கிடந்தான். அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம், அவ்வளவு தெளிவு.

இந்த முறை நான் ஞாபகமாகத் தண்ணீரைப் பார்த்தேன். பாறை மேல் பழைய நீர்மட்டத்தின் வெளிறிய கோட்டைப் பார்த்தேன். அது என் தலைக்கு மேலே இருந்தது.

மதியம் திரும்பியதும் அப்பாவிடம் போய், “மேல முட்டளவு. தெளிவு. கல்லு தெரியுது” என்றேன். அவர் உட்காரச் சொன்னார். எந்த இடத்தில், அகலம் எவ்வளவு, ஓட்டம் இருந்ததா, தேங்கி நின்றதா, நுரை இருந்ததா, என்று அவர் கேட்டுக்கொண்டே போக, நான் சொல்லச் சொல்ல, பத்து நிமிஷம் அதைப் பற்றி மட்டும் பேசினோம். மலை ஏறிவிட்டு வந்து அவரிடம் இவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் மேற்கே மலைக்கு மேல் கறுத்தது. தோட்டத்தில் நட்சத்திரம் தெரிந்தது, அங்கே மின்னிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லாத மின்னல், பிறகு ரொம்ப நேரம் கழித்து ஒரு உருட்டல். மகேந்திரகிரி அடிவாரத்தில் இஸ்ரோ வளாகம் இருப்பதால் பையன் அதை ராக்கெட் இன்ஜின் சோதனை என்று நினைத்தான். “மேல பெய்யுது” என்றார் அண்ணாச்சி. எங்கள் மேல் ஒரு தூற்றல்கூட இல்லை. ஒன்பது மணிக்குக் காட்டுப்பன்னிக்குக் காவல் இருக்கிறவர்கள் பக்கத்துத் தோட்டத்தில் தகரம் தட்ட ஆரம்பித்தார்கள். வாழைக்கிழங்கைத் தோண்ட வருமாம். அந்தத் தகரச் சத்தத்திலேயே தூங்கிப் போனேன்.

எதற்கு விழித்தேன் என்று தெரியவில்லை. மணி ஒன்றே முக்கால். களத்துமேட்டிலிருந்து பார்த்தால் ஓடைப் பக்கம் ஒரு டார்ச் வெளிச்சம். திண்ணைக் கட்டில் காலி. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. செருப்பு போடாமல் ஓடினேன்.

அப்பா கரையில் நின்றுகொண்டிருந்தார். எதிர்ப் பக்கத்து வரப்பிலிருந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியோடு அண்ணாச்சி வந்தார். ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்ளவில்லை. இருவரும் தனித்தனியாக எழுந்து வந்திருக்கிறார்கள்.

“கல் சத்தம் நின்னுட்டு” என்றார் அப்பா.

“ஆமா அண்ணாச்சி. நானும் அதைக் கேட்டுத்தான் எந்திரிச்சேன்.”

எனக்கு அதன் பிறகுதான் காதில் விழுந்தது. விழுந்தது என்பதைவிட, விழாமல் போனது எது என்று புரிந்தது. இரண்டு நாளாக ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த சலசலப்பு இல்லை. ஓடையில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது ஒவ்வொரு கல்லிலும் மோதி, உடைந்து, தாண்டி ஓடுகிறது. அதுதான் சலசலப்பு. தண்ணீர் ஏறினால் கற்கள் உள்ளே போய்விடும், மோத ஒன்றும் இருக்காது. சத்தம் கூடாது, குறையும். அடித்தொண்டையில் ஒரு முனகல் மட்டும் இருக்கும். வெள்ளம் என்றால் பெருஞ்சத்தத்தோடு வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தூங்குகிற ஆளை எழுப்பியது சத்தம் இல்லை, சத்தம் நின்றது.

டார்ச் வெளிச்சத்தில் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. மக்கிய சருகு வாசனை. குச்சிகள், நுரை, ஒரு பலாப்பழத் தோல், எல்லாம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தன. பையன் ஆசைப்பட்ட வெள்ளை மணலைத் தேடினேன். நாவல் மரத்தின் வேருக்கு மேல் தண்ணீர் நின்றது. மணல் எங்கேயும் இல்லை.

வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஓடையிலிருந்து தோட்டத்துக்கு ஒரு வாய்க்கால் பிரிகிறது. அதன் வாமடை, தண்ணீர் உள்ளே நுழைகிற வாய், திறந்து கிடந்தது. கலங்கல் தண்ணீர் உள்ளே புகுந்தால் நாற்றங்கால் மேல் வண்டல் படிந்து விதை மூச்சு முட்டிவிடும். அண்ணாச்சி இரண்டு வாழைத்தண்டை நெடுக்காகப் பிளந்து, வழுவழுப்பான பக்கம் தண்ணீரைப் பார்க்க, ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்கப் போட்டார். இரண்டு பக்கமும் முட்டுக்கம்பை அறைந்தார். அப்பாவால் குனிய முடியவில்லை. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“முதல்ல அடிப்பக்கம் மிதி தம்பி. மேல பூசுனா நிக்காது. அடில பொத்திக்கிட்டு வரும்.”

“சரி அண்ணாச்சி.”

“புல்லோட சேத்து வெட்டிப் போடு. வேரு பிடிக்கும்.”

புல் கரணையை வெட்டி வெட்டி நான் எடுத்துக் கொடுத்தேன். அண்ணாச்சி குதிகாலால் மிதித்தார். அரை மணி நேரத்தில் உள்வாய்க்காலில் ஓட்டம் நின்றது. தண்டுக்குக் கீழே விரல் கனத்துக்கு ஒரு கசிவு மட்டும். அப்பா டார்ச்சை அதன் மேல் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “தெளிவாத்தான் வருது. கலங்கலா வந்தாத்தான் பயம்” என்றார். கசிவு கலங்கலாக இருந்தால் கரையின் மண் கரைகிறது என்று அர்த்தம். தெளிவாக இருந்தால் வெறும் ஊற்று. எங்கள் வீட்டில் நாற்பத்தைந்து வருஷம் வாழ்ந்த நான் இதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் தூக்கம் வரவில்லை. அக்கா கருப்பட்டிக் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து அப்பா 1992-ஐப் பற்றிப் பேசினார். அந்த நவம்பரில் மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சியில் ஒரே நாளில் 96 சென்டிமீட்டர் கொட்டியது. வீட்டுக்கு வராமல் அவர் கரையிலேயே கிடந்ததும், அம்மா என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்ததும் எனக்கு ஞாபகம் உண்டு. அதற்குப் பிறகு 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர், தாமிரபரணியும் கரை மீறியது. அப்போது ரிட்டயர் ஆனவர். போக இடம் இல்லாமல், வீட்டுக்குள் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருந்தார். “அன்னைக்குத்தான் ரொம்பக் கஷ்டம். கையில ஷட்டர் சாவி இல்ல” என்றார். அவர் வாயிலிருந்து இதுவரை இப்படி ஒரு சொல் வந்ததில்லை.

காலையில் அம்பை 16 அரிசியில் ஆட்டிய இட்லி. ஓடை நன்றாக இறங்கியிருந்தது. மலைக்கோயிலுக்கு அன்றைக்கு யாரையும் விடவில்லை. கூடாரத்தைக் காய வைத்து மடிப்பதற்குள் அப்பாவும் அண்ணாச்சியும் பையனும் நாவல் மரத்தடியில் ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். போய்ப் பார்த்தேன். ஓடைக் கரையில் ஆள் உயரப் பாறை ஒன்று இருக்கிறது. ராத்திரித் தண்ணீர் ஏறி நின்ற இடத்தில் ஈரம் இன்னும் காயவில்லை. அந்த ஈரத்தின் மேல்விளிம்பில், பொங்கலுக்கு மாட்டுக்கொம்புக்கு அடித்து மிச்சமிருந்த நீலப் பெயின்ட்டில், பையன் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அப்பா கோலைப் பிடித்து நேர் பார்த்தார். அந்தக் கோட்டுக்குக் கீழே அடிக்கொரு சின்னக் கோடு. மொத்தம் ஐந்து.

“இனும ராத்திரி இருட்டுல இறங்கிப் பாக்க வேண்டாம் தம்பி. டார்ச் அடிச்சா இங்கேருந்தே தெரியும். மேல்கோட்டுக்கு ரெண்டு கோடு கீழ வந்ததும் வாமடைய அடைச்சிரு.”

“சரி அண்ணாச்சி.”

காசு கொடுக்கும்போது அக்கா அப்பாவுக்கு உண்டான பணத்தை வாங்கவே இல்லை. நான் வற்புறுத்தவில்லை. ஒரு ஏத்தங்குலைச் சீப்பும், ஒரு படி எள்ளும் கொடுத்துவிட்டார்கள்.

போகிறவர்களுக்கு நடைமுறையாக ஒன்றிரண்டு. புரட்டாசி, ஐப்பசியில் போனால் மலைக்கோயில் வழி திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். மேலே மழை என்றால் அடைத்துவிடுவார்கள், அதுதான் சரி. ஆனி, ஆடியில் அந்தப் பக்கம் மேக்காற்று கூடாரத்தைத் தூக்கும். தை, மாசி சௌகரியம். கட்டாயம் ஒரு நல்ல டார்ச். சமமான மணலைப் பார்த்தால் கூடாரத்தை எடுத்துக்கொண்டு எதிர்த் திசையில் நடங்கள். தோட்டக்காரர் ஒரு இடம் வேண்டாம் என்றால் காரணம் கேளுங்கள், அவர் சொல்லுகிற காரணத்தை முழுசாகக் கேளுங்கள்.

ஐப்பசி கடைசியில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அப்பா போன் அடித்தது. நான் அடுப்படியில் இருந்தேன். ஸ்பீக்கரில் அண்ணாச்சி குரல்.

“அண்ணாச்சி, கோடு முங்கிட்டு.”

“எந்நேரம்?”

“ரெண்டே கால் இருக்கும். ரெண்டு கோடு இருக்கையிலேயே அடைச்சுட்டேன். நாத்து அப்படியே நிக்கி.”

“இப்பம் எங்க நிக்குது?”

“மூணாங் கோட்டுல.”

அப்பா போனை வைத்துவிட்டு, அன்றைய காலண்டர் தாளைக் கிழிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு எழுதினார். நான் பின்னால் நின்று பார்த்தேன். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு, மூன்றுக்கும் பேப்பர் இன்னும் வரவில்லை, இடம் விட்டிருந்தார். அதற்குக் கீழே நாலாவதாக: நம்பியாத்து ஓடை, இரவு 2.15, முங்கல். காலை 6, மூணாங் கோடு.